படுத்திருக்கிறேன், விழவில்லை

சித்திரை வெயிலில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வெறுந்தரையில் முந்தானையை விரித்துப் படுக்கிற சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. பாய் கூடாது, தலையணை கூடாது. மடக்கிய கையில் தலை, முதுகில் தரையின் குளிர்ச்சி, மேலே ஓடுகிற ஃபேன். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் படுத்தோம். அங்கே சிவப்புச் சிமெண்ட் தரை. அவர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று, நசரத்பேட்டையில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த அன்று, எல்லோரும் ஜன்னலையும் பால்கனியையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் குனிந்து டைல்ஸைத் தடவிப் பார்த்து, "படுக்கத் தோதா இருக்கு" என்றார்.

அப்படி நான் படுத்திருந்த ஒரு மதியம் போன் அலறியது. மகள்.

"அம்மா! எங்க விழுந்த? எழுந்திருக்காத, அப்படியே இரு!"

"நான் ஏன்டி விழறேன்? படுத்திருக்கேன்."

"தரையிலயா?"

"பின்ன, ஆகாசத்துலயா?"

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. "நீ விழுந்துட்டன்னு அது சொல்லுதும்மா" என்றாள்.

அது என்று அவள் சொன்னது ஹால் சுவரில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த வெள்ளை டப்பாவை. என் மகளுக்கு ஒரு கம்பெனியில் ஆராய்ச்சி வேலை. கம்ப்யூட்டரும் போனும் மனிதர்களுக்குத் தோதாக இருக்க வேண்டும், அவற்றுக்காக மனிதர்கள் வளையக் கூடாது என்று யோசித்து வடிவமைக்கிற வேலை. 'பயனாளரை மையமாக வைத்து' என்று பேச்சுக்குப் பேச்சு சொல்வாள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அவளுக்குத் தெரிந்த ஒரு குழு, தனியாக வாழும் வயதானவர்கள் விழுந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் கருவியை வீடுகளில் மாட்டிப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. அந்த வீடுகளில் ஒன்று என்னுடையது. அதில் கேமரா கிடையாது. சுவரைத் தாண்டியும் போகிற ஏதோ அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து ஆள் நிற்கிறாளா, நடக்கிறாளா, தரையில் கிடக்கிறாளா என்று கண்டுபிடிக்குமாம். கிடந்தால் மகளுடைய போனில் சங்கு ஊதும். மற்ற நேரமெல்லாம் அவள் போனில் ஒரு பச்சைப் புள்ளி. அந்தப் புள்ளி நான்.

மாட்டுவதற்கு முன்னால் என்னிடம் கேட்டாள்தான். கேட்ட விதத்தைச் சொல்கிறேன். "ஒண்ணு, இது இருக்கட்டும். இல்லன்னா என்கூட வந்துடு. ரெண்டும் வேணாம்னா ராத்திரி பகல் கூடவே இருக்க ஒரு ஆள் வைக்கிறேன். நீயே சொல்லு." அவள் வீடு சோழிங்கநல்லூர் பக்கம், எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் உயரத்தில். கூடவே இருக்கும் ஆளோ, நான் தும்மினால் எழுந்து உட்காரப்போகிறவள். தனியாக, என் வீட்டில், என் இஷ்டப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் ஆசை. அதற்காக டப்பாவுக்குத் தலையாட்டினேன்.

அவளுடைய பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷம் ஆனி மாதத்தில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். அன்று நான் ஒரு வளைகாப்புக்காகப் பாடியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் அந்த வாரம் எங்களோடு தங்கி, உள்ளறையிலிருந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பாடி மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே பஸ் அசையாமல் நின்றது. அங்கே வைத்துத்தான் போன் வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடி டிவி ஸ்டாண்டில் ஒழுங்காக மடித்து வைத்தபடி இருந்தது.

"மதியம் சாப்பிட்டுட்டு ஹால்ல படுத்திருந்தார்மா. டீ போட்டு எழுப்பினேன். எழுந்திருக்கல." மகள் சொன்னது அவ்வளவுதான். மாரடைப்பு என்றார் டாக்டர். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள்: தூக்கத்திலேயே போயிட்டார், புண்ணியவான். எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஆறுதல். கழற்றி, மடித்து, வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்த மனிதர், பயப்படாமல் போயிருக்கிறார். அதை நினைத்து நினைத்துத்தான் அந்த வருஷத்தைத் தள்ளினேன்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என் மாமியாருக்கு மருமகள் பகலில் படுத்தால் ஆகாது. கண் மூடினால் போதும், சமையலறையில் ஒரு பாத்திரம் விழும். அவர் காலமாகி எத்தனையோ வருஷம் கழித்து, மறுபடி சுவரில் வந்து உட்கார்ந்துகொண்டார் என்றே எனக்குப் பட்டது. மூட்டுவலியால் நான் தரையில் தொப்பென்றுதான் உட்காருவேன். அரிவாள்மணை முன்னால் அப்படி உட்கார்ந்தால் போன் வரும். கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன பூண்டை எடுக்கப் படுத்துக் கைநீட்டினால் போன் வரும். அந்தக் கருவியைச் செய்த ஊரில் மனுஷன் தரைக்கு வருவதென்றால் விழுந்துதான் வருவான் போலிருக்கிறது.

ஒருநாள் போனைப் படுக்கையறையில் சார்ஜில் போட்டுவிட்டு ஹாலில் அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது என் தலைமாட்டில் இரண்டு பூட்ஸ் நின்றது. எங்கள் குடியிருப்பின் செக்யூரிட்டி. நான் போனை எடுக்காவிட்டால் திறந்து பார்க்கச் சொல்லி அவரிடம் மகள் ஒரு சாவி கொடுத்துவைத்திருந்தாள். நான் நைட்டியில், அது முழங்கால் வரை ஏறி, வாய் பிளந்து கிடந்திருக்கிறேன்.

"இன்னாம்மா, வுயுந்துட்டீங்களா? உங்க பொண்ணு போன் மேல போன் போட்டு அலற்றாங்க!"

"படுத்திருக்கேன்ப்பா."

"படுத்துகினு கீறீங்களா? அத்த முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா, நான் மாடிப்படில ஓடியாந்தேன்."

"யார்கிட்ட சொல்றது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சுவரைக் காட்டினார். "இத்துக்கிட்டதான்."

அவர் நல்ல மனிதர்; அவரைச் சொல்லி என்ன? ஆனால் அன்று எனக்கு வந்த அவமானத்தை விழுங்க முடியவில்லை. ஆத்திரத்தில் மாலைக் காப்பிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு தரையை விட்டேன். சோபாவில் படுத்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது. காய்கறியை மேடையில் நின்றபடி கத்தியால் நறுக்கினேன், கால் வீங்கியது. கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியும்போதுகூட ஒரு கண் சுவரைப் பார்க்கும். சொந்த வீட்டில், யாரோ பெரிய மனுஷர் வீட்டுக்கு வேலைக்கு வந்தவளைப் போலப் பார்த்துப் பார்த்து நடந்தேன். மதியம் ஆனால் அந்தக் குளிர்ந்த தரை காலுக்குக் கீழேதான் இருக்கும், தொட்டுக்கொண்டு நிற்பேன், படுக்க முடியாது.

பிறகு ஒரு ஒளிவிடம் அகப்பட்டது. சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் வைக்கிற சின்னச் சந்து. ஒருநாள் அங்கே உட்கார்ந்து நெடுநேரம் தரையைத் தேய்த்தும் போன் வரவில்லை. டப்பாவின் கண்ணுக்கு அது எட்டவில்லை. அன்றிலிருந்து என் மதியத் தூக்கம் அங்கேதான். காலை நீட்டினால் கதவு இடிக்கும், மடக்கினால் மெஷின் இடிக்கும். தலைக்குப் பக்கத்தில் சோப்புத்தூள் வாசனை. மேலே கம்பிவலை, அதற்கப்பால் அடுத்த கட்டடத்தின் சுவர். காலமெல்லாம் கணக்கு டீச்சராக வகுப்பை நடுங்க வைத்தவள், என் வீட்டில் ஒரு டப்பாவிடமிருந்து ஒளிந்து, கருவாட்டைப் போல ஒருக்களித்துக் கிடந்தேன்.

இத்தனை இருந்தும் அதை நான் யாரிடமும் குறை சொல்லவில்லை. குறை கேட்பதற்கென்றே ஒரு பெண் வந்தாள், அவளிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த கூத்து.

அந்த ஆராய்ச்சிக் குழுவில் படிக்கிற பெண் அவள். கோயம்புத்தூர்ப் பக்கம். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து பஸ் மாறி மாறி, மொட்டை வெயிலில் முகம் சிவந்துபோய் வந்து நின்றாள். முதலில் மோர் கொடுத்தேன். பிறகு கேசரி, காப்பி. அவள் மடியில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்தக் கருவி உங்களுக்கு எவ்வளவு வசதியா இருக்குங்க ஆன்ட்டி? ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"அஞ்சு."

"புடிக்கலைன்னாலும் சொல்லலாங்க ஆன்ட்டி. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"பிடிக்காம என்னம்மா? நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் கேசரி வெச்சுக்கோ."

எல்லாக் கேள்விக்கும் ஐந்து. பிள்ளைகளுக்கு அரை மார்க் சும்மா போடாத கை இது. ஆனால் வெயிலில் வீடு தேடி வந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து, நீ கொண்டுவந்த பொருள் உதவாது என்று எந்த வாயால் சொல்வது? கல்யாண வீட்டில் இலையை மூடிவிட்டு எழுந்திருக்கும்போது சாப்பாடு எப்படி என்று கேட்டால், சாம்பாரில் உப்பு தூக்கல் என்றா சொல்வோம்? பிரமாதம் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டியபிறகுதானே உண்மையைப் பேசுவோம். நானும் அவள் லிஃப்டில் இறங்கிப் போனபிறகு டப்பாவைப் பார்த்து நன்றாகத் திட்டினேன். அது எந்த ஆராய்ச்சியிலும் பதிவாகவில்லை.

அடுத்த முறை அந்தப் பெண் ஒரு சனிக்கிழமை வந்தாள். மகளும் வந்திருந்தாள், சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தாள். பெண்ணின் கையில் ஒரு அட்டைப்பெட்டி, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆன்ட்டி, மத்த வீடுகள்ல பாதிப்பேர் கழட்டச் சொல்லிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் எல்லாத்துக்கும் அஞ்சு குடுத்தீங்க. எங்க சார் சொல்றார், நீங்கதான் எங்களுக்கு உதாரணப் பயனாளராம். அதனால உங்க வீட்டுல மட்டும் இன்னொரு வருஷம் தொடரப்போறோங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் பெட்டியைப் பிரித்தாள். அதே வெள்ளை டப்பா, புதுசு.

"அப்புறம், தினமும் மத்தியானம் நீங்க கொஞ்ச நேரம் சிக்னல்ல இல்லாமப் போயிடறீங்க. வாஷிங் மெஷின் பக்கமான்னு நினைக்கிறேன். அங்க விழுந்தா தெரியாதில்லீங்களா? அதான் அங்கயும் ஒண்ணு மாட்டிடலாம்னு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது. இந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே இடம் அந்தச் சந்து. அதையும் என் ஐந்து மார்க்கே அடைத்துவிட்டது. அவள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். அதுவரை அடக்கிவைத்தது எல்லாம் எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது.

"வேண்டாம்! மாட்டாதே!" என்று கத்தினேன். "நான் குடுத்த அஞ்சு அத்தனையும் பொய். வெயில்ல வந்த பொண்ணாச்சேன்னு குடுத்தேன். ஒண்ணுகூடக் குடுத்திருக்கக் கூடாது."

அவள் ஸ்டூலோடு நின்றுவிட்டாள். "ஆன்ட்டி..."

"பயனாளர், பயனாளர்ங்கறீங்களே, யாரும்மா அது? போன் என் பொண்ணுகிட்ட அடிக்குது. பச்சைப் புள்ளி என் பொண்ணுகிட்ட தெரியுது. அவ நிம்மதியாத் தூங்கறா. நான்? என் வீட்டுத் தரையில படுக்க முடியாம நாய் மாதிரி சந்துல சுருண்டு கிடக்கறேன். இதைச் செஞ்சவங்க வீட்டுல யாருமே தரையில படுத்ததில்லையா? இங்க பாரு, இப்படித்தான் படுப்போம். நல்லாப் பாத்துக்கோ!"

சொன்ன வேகத்தில் ஹால் நடுவே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து படுத்தேன். கையை மடித்துத் தலைக்குக் கொடுத்தேன். எதிர்பார்த்தது போலவே சமையலறையில் மகளுடைய போன் சங்கு ஊதியது. அவள் ஓடிவந்தாள். வாசலில் என்னைப் பார்த்தாள். நான் சண்டை போட்டுக்கொண்டிருந்ததெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் விழவில்லை என்று தெரியும். ஆனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். உதடு வெளுத்துவிட்டது.

"கண்ணாடியக் கழட்டும்மா" என்றாள்.

ஆத்திரத்தில் கண்ணாடியோடு படுத்திருந்தேன். "இப்ப அதுவா முக்கியம்?" என்றேன்.

"கழட்டுன்னு சொல்றேன்ல! படுக்கறவங்க கழட்டிட்டுத்தானே படுப்பாங்க! கழட்டு!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எழுந்து உட்கார்ந்து கழற்றினேன். அவள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தரையைப் பார்த்துப் பேசினாள்.

"அப்பா கழட்டலம்மா. நான்தான் கழட்டினேன்."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு மீட்டிங் நடுவுல தண்ணி எடுக்க வந்தேன். அப்பா இங்கதான் இருந்தார், இதே இடத்துல. கண்ணாடியோட. பாவம், பேப்பர் படிச்சுக்கிட்டே தூங்கிட்டார் போலன்னு நினைச்சேன். மெதுவா கண்ணாடியக் கழட்டி மடிச்சு அங்க வெச்சேன். வேர்க்குமேன்னு ஃபேனைப் போட்டேன். எழுந்துடக்கூடாதுன்னு கதவை சத்தமில்லாம சாத்திட்டு உள்ள போயிட்டேன். மீட்டிங் முடியறப்போ சாயங்காலம் ஆயிடுச்சு." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஃபேன் போடாம அப்பா என்னைக்காவது படுத்திருக்காராம்மா? அப்பவாவது எனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?"

அந்தப் பெண் ஸ்டூலைக் கீழே வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் இன்னும் ஊதிக்கொண்டிருந்த போனை நிறுத்தினாள்.

"படுத்திருக்காரா விழுந்திருக்காரான்னு எனக்குத் தெரியலம்மா. ஒரு மெஷினுக்காவது தெரியட்டும்னுதான்..." என்று சொல்லி, முடிக்க முடியாமல் மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒரு வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்த கண்ணாடி என் கையைவிட்டுப் போனது. நிம்மதியாகப் படுத்தார் என்பது இனி எனக்கு இல்லை. நின்றவர் விழுந்தாரோ, முடியாமல் உட்கார்ந்து சாய்ந்தாரோ, கூப்பிட்டாரோ, குரல் எழும்பவில்லையோ, யாருக்குத் தெரியும்? உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒரு நொடி அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு தடவை தொட்டு, "அப்பா" என்று கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று வாய் வரை வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? கண்ணாடியைக் கழற்றியிருப்பேன். ஃபேனைப் போட்டிருப்பேன். சத்தம் போடாமல் சமையலறைக் கதவைச் சாத்தியிருப்பேன். நாங்கள் தரையில் படுக்கிற குடும்பம். எங்கள் வீட்டில் தரையில் கிடக்கிற மனிதரைப் பார்த்து யாரும் பயந்ததே கிடையாது.

நகர்ந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நானா இருந்தாலும் அதைத்தான்டி செஞ்சிருப்பேன்" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. என் மடியில் தலைவைத்து, அந்தத் தரையில் படுத்துக்கொண்டாள். இந்த வீட்டில் அவள் தரையில் படுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் போன் சமையலறையில் மறுபடி ஊதியது. இந்தமுறை விழுந்தது யார் என்று அதற்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சிப் பெண் போகும்போது வாசலில் நின்று, "அந்த அஞ்சையெல்லாம் மாத்திடட்டுங்களா ஆன்ட்டி?" என்று மெதுவாகக் கேட்டாள். மாற்றச் சொன்னேன். புது டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தரையில் படுப்பதையும் விழுவதையும் பிரித்தறியக் கருவிக்குப் பழக்கப்போகிறார்களாம். நல்லது, பழகட்டும். எங்களால் முடியாததை அது செய்தால் பார்க்கலாம்.

பழைய டப்பா சுவரிலேயே இருக்கிறது. கழற்றிவிடலாம் என்று மகளே சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன். அதைக் கழற்றினால் அவள் ஒவ்வொரு மதியமும் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். முன்னால் டப்பாவிடம் மாட்டிக்கொண்டிருந்தேன், இப்போது இவளிடம். இதிலிருந்து வெளியே வருகிற வழி எனக்குத் தெரியவில்லை.

வாஷிங் மெஷின் சந்துக்கு இப்போது போவதில்லை. சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஹாலுக்கு வந்து, டப்பா முந்திக்கொள்வதற்குள் நானே மகளுக்குப் போன் செய்கிறேன். ஆபீஸில் என்ன கூட்டமாக இருந்தாலும் எடுத்துவிடுகிறாள்.

"படுக்கப் போறேன்டி."

"சரிம்மா. ஃபேன் போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"கண்ணாடி?"

அவள் எதிரில் இல்லை. பொய் சொன்னாலும் தெரியாது. ஆனாலும் கழற்றி, மடித்து, டிவி ஸ்டாண்டில் வைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.